தடய அறிவியல் கருவிகளுக்கு நிதி திரட்ட: மும்பைப் பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி

உலகின் முதல் கைரேகைப் பணியகம் 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது. மகாராஷ்டிர அரசின் தடய அறிவியல் ஆய்வகமோ தாராவியிலிருந்து சில கிலோமீட்டரில், கலினாவில் இருக்கிறது. ஆனால் மும்பைப் பிள்ளைகள் பலருக்குக் கைரேகை எடுப்பது சினிமாவில் பார்த்த சங்கதிதான். ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்கள் அதைத் தாங்களே செய்துபார்க்க, ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் உள்ளூர்ச் சங்கத்தாரும் செய்ய வேண்டியவை இவை.

1. பரிசோதனைகளை முடிவுசெய்யுங்கள்

"ஆய்வகம் வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பணம் வராது. தொடக்கத்துக்கு நான்கு பரிசோதனைகள் போதும். கண்ணாடி டம்ளரில் படிந்த ரேகையைக் கிராஃபைட் பொடி தூவி செலோ டேப்பில் எடுப்பது. ஸ்கெட்ச் பேனா மைகளை வடிதாளில் தண்ணீர் கொண்டு பிரிப்பது. செருப்புத் தடத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்ப்பது. முடியையும் நூலிழையையும் மைக்ரோஸ்கோப்பில் ஒப்பிடுவது. முதல் மூன்றுக்கும் செலவு சொற்பம். பெரிய தொகை மைக்ரோஸ்கோப்புக்குத்தான். பின்னர் ரத்தக்கறைப் பரிசோதனையைச் சேர்த்தாலும், தொற்று அபாயம் இருப்பதால் உண்மையான ரத்தம் வேண்டாம். சாயத் தண்ணீரே போதும்.

2. பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்

நெடுநாள் உழைக்கும் கருவிகள் ஒரு பக்கம். தீர்ந்துபோகும், உடைந்துபோகும் பொருள்கள் மறுபக்கம். பிரின்சஸ் ஸ்ட்ரீட் கடைகளில் ஜிஎஸ்டியுடன் மூன்று கொட்டேஷன் வாங்குங்கள். பள்ளிகளுக்கான அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் அரசு தரும் 20 லட்சம் ரூபாயில் 10 லட்சம் அமைப்பதற்கு, 10 லட்சம் நடத்துவதற்கு. உங்கள் கணக்கிலும் நடத்தும் செலவு இருக்க வேண்டும்.

3. நிதி வாங்கும் தகுதியைச் சரிபாருங்கள்

மாநகராட்சிப் பள்ளியும் அரசு உதவிபெறும் பள்ளியும் மத்திய அரசின் வித்யாஞ்சலி தளத்தில் தேவைகளைப் பதிந்து, கருவிகளாகவே உதவி பெறலாம். அறக்கட்டளை வழியாகப் பணம் வாங்குவதானால் வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதிக்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் தேவை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுப்பவருக்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது. காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ கேளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற உறவினர் பணம் தர முன்வந்தால், வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏவின்படி அனுமதி இல்லாமல் வாங்காதீர்கள்.

4. அருகில் இருப்பவரிடம் கேளுங்கள்

2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, பெரிய நிறுவனங்கள் முந்தைய மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தாங்கள் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரவும் அதே சட்டம் சொல்கிறது. செம்பூர், மாகுல் பக்கம் ஆர்சிஎஃப், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் ஆலைகள் இருக்கின்றன. ஏப்ரலில் நிதியாண்டு பிறக்கும் முன்பே, தலைமையாசிரியர் கையொப்பத்துடன் இரண்டு பக்கத்துக்கு மிகாத விண்ணப்பத்தைக் கொடுங்கள்.

5. ஆள்பலம் சேருங்கள்

கருவி வந்தும் பூட்டிக் கிடப்பதற்குக் காரணம், பெரும்பாலும் பழக்கிவிட ஆள் இல்லாததே. மும்பையிலுள்ள அரசு தடய அறிவியல் கல்வி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி, அங்கு படிக்கும் மாணவர்களைத் தன்னார்வலர்களாக அனுப்பக் கேளுங்கள். மான்குர்டிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்திடம் ஆசிரியர் பயிற்சி பற்றி விசாரியுங்கள்.

6. கணக்குக் காட்டுங்கள்

ஸ்டாக் பதிவேடு, ரசீதுகள், எத்தனை மாணவர்கள் எந்தப் பரிசோதனை செய்தார்கள் என்ற குறிப்பு ஆகியவற்றை ஆண்டு முடிவில் கொடையாளருக்கு அனுப்புங்கள். பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளைகளின் படங்களைத் தராதீர்கள்.

மைக்ரோஸ்கோப் வாங்கித்தரப் பலர் முன்வருவார்கள்; அடுத்த வருடப் பொடிக்கும் வடிதாளுக்கும் கொடுப்பவர் அரிது. ஆகவே மூன்றாண்டுச் செலவையும் முதல் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுங்கள்.