மெல்லப் பேசி நெடுந்தொலைவு செல்லும் அலைகள்

கம்பியில்லாச் செய்தித் தொடர்பு என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது கைப்பேசி. ஆனால் இன்று செய்தி சொல்ல வேண்டியவர்கள் மனிதர்கள் மட்டும் அல்லர். குடிநீர்த் தொட்டியின் நீர்மட்டம், வயலின் ஈரம், வீட்டுத் தண்ணீர் மீட்டரின் அளவு ஆகியவையும் எங்கோ இருக்கும் ஒருவருக்குத் தெரிய வேண்டியுள்ளன. இவற்றுக்குப் பாட்டும் படமும் அனுப்பத் தேவையில்லை. மணிக்கொரு முறை ஓர் எண்ணைச் சொன்னால் போதும். ஆனால் அந்த இடத்தில் மின்சாரம் இராது. ஒரு சிறிய பேட்டரியைக் கொண்டே ஆண்டுக்கணக்கில் அவை இயங்க வேண்டும். இது எவ்வாறு இயலும் என்பதை ‘லோரா’ என்னும் முறையைக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

மூன்றில் இரண்டு

தொலைவு, வேகம், மின்சிக்கனம் ஆகிய மூன்றையும் ஒரே கருவியில் ஒருங்கே பெறுவது அரிது. வைஃபை வேகமானது, ஆனால் சில சுவர்களைத் தாண்டுவதற்குள் களைத்துவிடும். கைப்பேசிக்கு வேகமும் தொலைவும் உண்டு. அதனால்தான் அதற்கு நாள்தோறும் சார்ஜ் ஏற்றுகிறோம். வேகத்தை விட்டுக்கொடுத்தால் மற்ற இரண்டும் கிடைக்கும். இதுவே லோராவின் அடிப்படை.

நீண்ட தொலைவு எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து இப்பெயர் அமைந்தது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் ‘சைக்ளியோ’ என்னும் சிறு நிறுவனம் இம்முறையை உருவாக்கியது. அமெரிக்காவின் ‘செம்டெக்’ நிறுவனம் 2012-இல் அதனை வாங்கியது. 2015-இல் லோரா கூட்டமைப்பு தோன்றியது.

நீட்டி அழைத்தல்

எங்கள் ஊரில் வயலின் இக்கரையில் நிற்பவர் அக்கரையில் இருப்பவரை அழைக்கும்போது, பெயரைப் படபடவென்று சொல்லமாட்டார், நீட்டி அழைப்பார். காற்றின் இரைச்சலுக்கிடையிலும் நீண்ட ஒலியைக் காது பிரித்தறிந்து கொள்கிறது. லோரா செய்வதும் ஏறத்தாழ இதுவே.

இதன் அலை ஒரே அதிர்வெண்ணில் நிற்பதில்லை. 125 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராக ஏறிச்செல்லும் சீழ்க்கை போன்றது அது. வௌவாலின் ஒலியும் ராடாரின் துடிப்பும் இவ்வாறு அதிர்வெண் மாறுபவையே. ஏற்றம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில்தான் செய்தி அடங்கியுள்ளது. வேகமான நிலையாகிய 7-இல் 128 தொடக்க இடங்கள் உண்டு. ஒரு சீழ்க்கை 1.024 மில்லிவினாடி நீடிக்கும். மெதுவான நிலையாகிய 12-இல் 4096 இடங்கள் உண்டு. அதன் நீளம் 32.768 மில்லிவினாடி.

வாங்கும் கருவி, வந்த அலையை இறங்கிச்செல்லும் சீழ்க்கையுடன் பெருக்குகிறது. உடனே சிதறிக் கிடந்த ஆற்றல் முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் குவிகிறது. இரைச்சலோ ஒழுங்கற்றது, அது அவ்வாறு குவிவதில்லை. ஆகவே இரைச்சலின் ஆற்றலில் நூறில் ஒரு பங்கே உள்ள அலையையும் 12-ஆம் நிலையில் படிக்க முடிகிறது.

இது இயற்கை விதிக்கு மாறானது அன்று. 1948-இல் கிளாட் ஷானன் தந்த வாய்பாட்டின்படி, 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், நூறில் ஒரு பங்கு அலையைக் கொண்டு வினாடிக்கு ஏறத்தாழ 1,790 பிட்டுகள் வரை அனுப்பலாம். லோரா அந்நிலையில் அனுப்புவது 300-க்கும் குறைவே.

எழுநூறு கிலோமீட்டர்

2017 ஆகஸ்டில் ஐரோப்பாவில் ஒரு பலூனிலிருந்து 25 மில்லிவாட் ஆற்றலில் அனுப்பிய லோரா செய்தி 702 கிலோமீட்டருக்கு அப்பால் கேட்டது. பழைய இரண்டாம் தலைமுறைக் கைப்பேசியின் உச்ச ஆற்றலான 2 வாட்டில் இது எண்பதில் ஒரு பங்கு. அப்போது பலூன் இருந்த உயரம் 38 கிலோமீட்டருக்கும் அதிகம்.

இங்கே நாம் பள்ளியில் படித்த வடிவியலைப் பயன்படுத்திப் பார்க்கலாம். உயரத்தைப் பூமியின் விட்டத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் தொடுவானத்தின் தொலைவு கிடைக்கும். விடை ஏறத்தாழ 700 கிலோமீட்டர்! அதாவது, அன்று அலையைத் தடுத்தது ஆற்றல் குறைவன்று; பூமியின் வளைவே. தரையிலோ கட்டடமும் மரமும் குன்றும் குறுக்கிடுவதால் நகரில் சில கிலோமீட்டர்களே கிட்டும். ஆன்டெனாவை உயர்த்துவது ஆற்றலைக் கூட்டுவதைவிடப் பெரிதும் உதவும்.

பேட்டரிக் கணக்கு

12 பைட்டு அளவுள்ள செய்தியை 12-ஆம் நிலையில் அனுப்ப ஏறத்தாழ 1.5 வினாடி ஆகும். அப்போது 40 மில்லிஆம்பியர் செலவாவதாகக் கொள்வோம். மணிக்கொரு முறை அனுப்பினால் நாளொன்றுக்கு 0.4 மில்லிஆம்பியர்-மணி. உறங்கும் நேரத்தில் 5 மைக்ரோஆம்பியர் எனக் கொண்டால் மேலும் 0.12. 2400 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி கணக்குப்படி 12 ஆண்டுகள் வரும். பேட்டரி தானாக இழப்பதையும் வெயிலையும் கழித்தாலும் பல ஆண்டுகள் உறுதி.

இந்த மிச்சம் உறக்கத்தால் வருவது. உறங்கும் கருவியை நாம் நினைத்தபோது எழுப்ப முடியாது. தான் பேசிய பின் சிறிது நேரம் மட்டுமே அது காது கொடுத்துக் கேட்கும். எனவே நீர்மட்டத்தை அறிய இது ஏற்றது. மோட்டாரை உடனே நிறுத்த வேண்டிய இடத்தில், எப்போதும் விழித்திருக்கும், மின் இணைப்புள்ள கருவியே வேண்டும்.

பொதுவான வானம்

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். இதைப் பற்றி வீட்டில் விளக்கியபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, “மாசம் எவ்வளவு கட்டணும்?” என்பதே. அது நியாயமான கேள்வி. இந்தியாவில் 2005-இல் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டை, குறைந்த ஆற்றல் கருவிகளுக்கு உரிமமின்றித் திறந்துவிடப்பட்டது. 2021-இல் அது 868 வரை நீண்டது. செய்திகளை வாங்கும் நிலையம் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கருவிக்கும் சிம் அட்டையோ மாதக் கட்டணமோ இல்லை. அந்த நிலையத்திற்கு விலையும் இணைய இணைப்பும் உண்டு. ஆனால் ஒரே நிலையம் ஊர் முழுவதற்கும் பயன்படும்.

ஆனால் கட்டணமில்லாதது காவலில்லாததும் ஆகும். ஊர்ப் பொதுக் கிணற்றில் ஒருவரே இறைத்துக்கொண்டிருந்தால் மற்றவர் குடம் நிரம்பாது அன்றோ? இங்கே கருவிகள் முறை கேட்டுப் பேசுவதில்லை, தோன்றியபோது பேசும். 1971-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் இயக்கிய ‘அலோஹா’ வலையின் வழி இது. அவ்வழியில் செய்திகள் மோதிக்கொள்வதால், மொத்த நேரத்தில் 18 விழுக்காடே அதிக அளவாகப் பயன்படும் எனக் கணிதம் காட்டுகிறது.

12-ஆம் நிலையில் 1.5 வினாடி எடுக்கும் அதே செய்தி, 7-ஆம் நிலையில் 0.06 வினாடியில் முடிந்துவிடும். அருகில் உள்ள கருவியும் தொலைவில் உள்ளதைப் போல நீட்டிப் பேசினால், அது இருபதுக்கும் மேற்பட்டவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. உண்மையிலேயே தொலைவில் உள்ள கருவியின் குரல் அமுங்கிப் போகிறது. இதனால்தான் ஐரோப்பாவில் இப்பட்டையின் பல தடங்களில் ஒரு கருவி நூறில் ஒரு பங்கு நேரமே, அதாவது மணிக்கு 36 வினாடியே, பேசலாம் என விதித்துள்ளனர். அருகிலுள்ள கருவியை வேகமான நிலைக்கு மாறச் சொல்லும் ஏற்பாடும் லோரா வலையில் உண்டு.

நன்னூல், ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளுள் சுருக்கமாகச் சொல்வதை முதலில் வைக்கிறது. புலவர்க்கு அழகாக இருந்தது, இங்குப் பொறிகளுக்குக் கடமையாகிறது. இயற்பியல் பயிலும் நாம் இத்தகைய கருவிகளை நாளை நம் ஊர்களில் அமைக்கக்கூடும். அப்போது எவ்வளவு தொலைவு கேட்கும் என்பதோடு, எவ்வளவு குறைவாகப் பேசினால் போதும் என்பதையும் கணக்கிட்டு அமைப்போமாக. அப்போதுதான் கடைக்கோடி வயலில் நிற்கும் கருவியின் ஒற்றை எண்ணும் வந்து சேரும்.