செங்கல் போன் முதல் சட்டைப் பை வரை

உங்க போனோட தாத்தாவைத் தெரியுமா? 1973 ஏப்ரல் 3 அன்று நியூயார்க் தெருவில் நின்றபடி, மோட்டோரோலா பொறியாளர் மார்ட்டின் கூப்பர் முதல் கைப்பேசி அழைப்பைச் செய்தார். பேசியது யாரிடம்? போட்டி நிறுவனமான பெல் ஆய்வகத்தின் ஜோயல் எங்கலிடம்!

அடுத்து வந்த டைனாடாக் 8000எக்ஸ் விலை 3,995 டாலர். சார்ஜ் ஏற 10 மணி நேரம்; பேச முடிந்ததோ சுமார் 30 நிமிடம்தான். இந்தியாவில் 1995 ஜூலை 31-இல் செல்போன் ஒலித்தது. அப்போ வர்ற காலுக்கும் காசு!

அன்று தொலைந்தால் போன் மட்டும்தான் போச்சு. இன்று வங்கிக் கணக்கு, ஆதார் ஓடிபி எல்லாமே அதற்குள்ளே. இப்போதே *#06# அழுத்துங்க. வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைக் காகிதத்தில் குறிச்சு வைங்க. போன் தொலைந்தால் போலீசில் புகார் கொடுத்து, சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைப் பதிந்து போனை முடக்கலாம்.