பழைய என்ஜினின் மூச்சு

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் – இயற்பியல்)

முன்னுரை

மறைமலை நகர் என்றதும் தொழிற்சாலைகளே நினைவுக்கு வரும். தனித்தமிழ் இயக்கம் கண்ட மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய இவ்வூரில் 1999-இல் ஃபோர்டு நிறுவனம் ஐகான் காரைச் செய்யத் தொடங்கியது. 2022-இல் அங்குக் கார் உற்பத்தி நின்றது. ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் 1998-இல் ஹூண்டாய் ஆலையும், ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. புது வண்டிகள் பிறந்த இம்மண்ணில் பழைய வண்டிகளும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று என் தந்தையாரின் டீசல் வேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவர், ஷிஃப்டுக்குச் செல்லும் தொழிலாளர்களை அந்த வேனில் ஏற்றி இறக்கியே என்னைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்.

சென்ற ஆண்டு அந்த வேன் எண்ணெய் ஒழுகத் தொடங்கியது. டேப்பெட் கவர் பேக்கிங்கை மாற்றினோம்; பதினைந்து நாளில் வேறோர் இடத்தில் ஒழுகியது. ஆயில் சீலை மாற்றினோம், அதுவும் நிற்கவில்லை. முடிவில் மெக்கானிக் அண்ணன், "பேக் கம்ப்ரஷன் அடிக்குது தம்பி. என்ஜினை இறக்கி, போர் போட்டு, ரிங் மாற்றணும்" என்றார். அதற்காகும் தொகையும் தங்கையின் நர்சிங் படிப்புக்கென அம்மா சேர்த்து வைத்திருந்த தொகையும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. அப்பா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு நான் என் இயற்பியல் நோட்டை எடுத்தேன். அதில் தொடங்கிய ஆராய்ச்சியே இக்கட்டுரை.

பேக் கம்ப்ரஷன் என்றால் என்ன?

டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக நசுக்கும்போது அக்காற்று டீசலைத் தானே பற்றவைக்கும் அளவுக்குச் சூடேறுகிறது. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஓட்டிக்காட்டிய என்ஜினின் அடிப்படையும் இதுவே. அவ்வளவு அழுத்தத்தையும் தடுத்து நிறுத்துபவை பிஸ்டனைச் சுற்றியுள்ள மெல்லிய ரிங்குகள். ரிங்கின் பின்புறம் புகும் வாயுவே அதைச் சிலிண்டர் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. தன்னை எதிர்க்கும் வாயுவையே துணையாகக் கொள்ளும் இந்த அமைப்பை எண்ணி வியக்காமல் இருக்க முடியாது.

ஆனால் ரிங்கில் ஒரு சிறு வெட்டு இடைவெளி இருந்தே தீரும். இல்லையேல் சூட்டில் விரியும்போது இறுகிவிடும். ஆகவே புது என்ஜினிலும் சிறிதளவு வாயு கீழே கசியும். நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றினால் 4000 முறை வெடிப்பு நிகழ்கிறது. ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகக் கசிவது எங்கே போகும்? கிராங்க் அறையில் சேர்ந்து, 'பிரீதர்' என்னும் குழாய் வழியாக மீண்டும் என்ஜினின் காற்றுப் பாதைக்குச் சென்று எரிகிறது. பிரீதரே என்ஜினின் மூக்கு எனலாம்.

ரிங் தேய்ந்தால் கீழே வரும் வாயு மிகும். மூக்கு அடைத்துக்கொண்டாலோ, வருவது குறைவாயினும் போக வழியின்றி அழுத்தம் ஏறும். பாஸ்கல் விதிப்படி அவ்வழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவி, எந்தப் பேக்கிங் வலுவற்றதோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளும். ஒன்றை அடைத்தால் அடுத்தது ஒழுகும். எங்கள் வேனில் நடந்தது இதுதான்! ஒழுகும் இடம் நோயன்று, நோயின் அறிகுறியே.

அளந்து பார்த்தல்

முதலில் என்ஜினைக் கழுவித் துடைத்து, முகப் பவுடரைத் தூவி, சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தோம். எண்ணெய் கீழே வடியும், காற்றில் பின்னே பறக்கும். எனவே நனைந்த இடங்களில் மிக உயரமானதும் முன்னுள்ளதுமான இடமே ஊற்றுக்கண். பவுடர் அதைக் காட்டிக் கொடுத்தது: டேப்பெட் கவரின் விளிம்பு.

அடுத்து, என்ஜின் மெதுவாக ஓடுகையில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, திருகாமல் மேலே வைத்தோம். மூடி குதித்தது. மெக்கானிக்குகள் செய்யும் இச்சோதனை நல்லதே. ஆயினும் அழுத்தம் உண்டு என்று சொல்லுமேயன்றி எவ்வளவு என்று சொல்லாது. அது ரிங்கினாலா, மூக்கடைப்பாலா என்பதையும் சொல்லாது.

ஆய்வுக்கூடத்தில் நாம் கையாளும் U வடிவ மானோமீட்டர் என் நினைவுக்கு வந்தது. கொத்தனார் வேலை செய்யும் சித்தப்பாவிடம் மட்டம் பார்க்கும் கண்ணாடி டியூப் இருந்தது. அதைப் பலகையில் U போல வளைத்துக் கட்டி, தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் பள்ளிக்கூட ஸ்கேலை ஒட்டினேன். பழைய ஆயில் மூடியில் துளையிட்டு ஒரு முனையைப் பொருத்தினேன். முதல் முறை டியூபின் உயரம் போதாமல் தண்ணீர் பீய்ச்சி அப்பாவின் சட்டையை நனைத்தது. இரண்டாம் முறை உயரத்தைக் கூட்டினேன். ஒரு பக்கம் 18 செ.மீ. இறங்கியது, மறுபக்கம் 18 செ.மீ. ஏறியது. வேறுபாடு 36 செ.மீ.

ஒரு செ.மீ. நீர் ஏறத்தாழ 98 பாஸ்கல். ஆகவே 36 செ.மீ. என்பது சுமார் 3500 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் இது நூற்றில் மூன்றரைப் பங்குதான். ஆனால் 30 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் உள்ள ஆயில் சம்பின் மேல் இது 420 நியூட்டன், அதாவது 43 கிலோ எடை! சிமெண்ட் மூட்டைக்குச் சற்றே குறைவான பாரம் உள்ளிருந்து தள்ளும்போது பேக்கிங் என்ன செய்யும்?

பிரீதர் குழாயைக் கழற்றினோம். யாரோ எப்போதோ மாட்டிய சாதாரண ரப்பர் குழாய் அது. சூட்டில் இளகி உள்ளே ஒட்டிக் கிடந்தது. டேப்பெட் கவருக்குள் இருந்த கம்பி வலையும் கருஞ்சேறாய் அடைத்திருந்தது. வலையைக் கழுவி, எண்ணெய் தாங்கும் குழாயை மாட்டி மீண்டும் அளந்தோம். 9 செ.மீ.!

என் அவசரமும் அண்ணனின் அனுபவமும்

"ரிங்கில் ஒரு குறையும் இல்லை" என்று நான் பெருமையோடு அறிவித்தேன். மெக்கானிக் அண்ணன் சிரித்துவிட்டு, "அதையும் பார்த்துடலாமே" என்றார். கியரை நியூட்ரலில் போட்டு, ஒவ்வொரு சிலிண்டராகப் பிஸ்டனை மேலே நிறுத்தி, இரு வால்வுகளும் மூடியுள்ள நிலையில் கம்ப்ரஸர் காற்றை உள்ளே செலுத்தினார். இச்சோதனையில் காதுதான் கருவி. சைலன்ஸரில் இரைந்தால் புகை வெளியேறும் வால்வு. ஏர் ஃபில்டரில் இரைந்தால் காற்று உட்புகும் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். ஆயில் மூடியில் இரைந்தால் ரிங். காற்றின் வேகத்தில் என்ஜின் சுழன்றுவிடக்கூடும். பழகியவரே செய்ய வேண்டும்.

மூன்றாம் சிலிண்டரில் ஆயில் மூடி வழியே தெளிவாக இரைந்தது. மற்ற மூன்றிலும் லேசான ஓசையே. ஆக, ரிங் தேய்வும் உண்மை, மூக்கடைப்பும் உண்மை. அவர் சொன்னது பாதி; நான் சொன்னது பாதி. இருவரும் சேர்ந்தபோதுதான் முழு உண்மை கிடைத்தது. அளவு மட்டும் போதாது என்பதை அவரிடமும், அனுபவம் மட்டும் போதாது என்பதை மானோமீட்டரிடமும் கற்றேன்.

முடிவுரை

டேப்பெட் கவர் பேக்கிங்கை மறுபடி மாற்றினோம், இம்முறை ஒழுகவில்லை. அன்றுமுதல் வேனில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். முன்பு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் ஊற்றிய எண்ணெய் இப்போது அரை லிட்டராகக் குறைந்திருக்கிறது. என்ஜினை ஒருநாள் இறக்கத்தான் வேண்டும். மாதம் ஒருமுறை மானோமீட்டரை வைத்துப் பார்க்கிறோம். அளவு ஏறினாலோ, நீலப்புகை மிகுந்தாலோ அந்த நாள் வந்துவிட்டது என்று அறிவோம். அதுவரை அந்தத் தொகை தங்கையின் படிப்புக்கு.

நண்பர்களே! உங்கள் வீட்டு வண்டி எண்ணெய் ஒழுகினால் அஞ்ச வேண்டாம்; அலட்சியமும் வேண்டாம். முதலில் கழுவுங்கள். அடுத்துப் பிரீதரைப் பாருங்கள். பிறகு அளவுங்கள். உங்கள் என்ஜினுக்கு எவ்வளவு அழுத்தம் தகும் என்பதை அதன் கையேட்டில் பாருங்கள். எங்கள் வேனின் கணக்கு உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. டர்போ உள்ள வண்டியாயின் அதன் வழியாகவும் வாயு கசியும் என்பதை மறவாதீர்கள். என்ஜினை இறக்குவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

சென்ற வாரம் அப்பா நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கிலோமீட்டர், எண்ணெய் அளவு ஆகியவற்றுக்குப் பக்கத்தில் தாமே ஒரு புதிய கட்டம் போட்டு, '9 செ.மீ.' என்று குறித்திருந்தார்.