கரும்புள்ளியும் கலக்கமும்

ஜாசின், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களிலாயினும் சரி, மலாக்கா நகரத்திலாயினும் சரி, "ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, மூளையில் ஒன்றுமில்லை" என்று சொல்லி ஆறுதலடைகிற நம்மவர், எந்த ஸ்கேன் என்று மட்டும் கேட்பதில்லை. புதிதாகப் பெருகிய ரத்தத்தைச் சி.டி. ஸ்கேன் நிமிஷ நேரத்தில் காட்டிவிடும். பக்கவாதத்தோடு வருகிறவருக்கு முதலில் அதை எடுப்பதே நியாயம். ஆனால், 'டாரா திங்கி' என்று நாம் மலாயிலேயே சொல்லிப் பழகிவிட்ட ரத்தக் கொதிப்பு ஆண்டுக்கணக்கில் அடங்காதிருக்க, அதனால் நைந்த நுண்ணிய நாளங்களிலிருந்து துளித்துளியாகக் கசிந்து, தலைவலிகூடத் தராமல் தங்கிவிட்ட பழைய சுவடுகள் அதில் தெரிவதில்லை.

எம்.ஆர்.ஐ. எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்பதும் பாதி உண்மையே. தாலிக்கொடியையும் அரைஞாணையும் கழற்றி வைத்துவிட்டு, தடதடவென்ற ஓசைக்கு நடுவே அசையாமல் படுத்திருந்தாலும், இக்கசிவுகளுக்கென்றே உரிய படவரிசையை எடுக்காவிட்டால் அவை தப்பிவிடக்கூடும். கசிந்த ரத்தத்தின் இரும்பு, ஹீமோசிடரின் என்னும் பொருளாகித் திசுவிலே ஆண்டுக்கணக்கில் தங்கி, சுற்றியுள்ள காந்தப் புலத்தைக் குலைக்கிறது. அவ்விடத்துச் சமிக்ஞை மங்க, படத்தில் கரும்புள்ளி விழுகிறது. இதற்கு அடிப்படையான காந்த ஏற்புத்திறன் என்னும் குணத்தைத்தான், வத்திராயிருப்பில் பிறந்த இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன், டாக்காவிலும் கல்கத்தாவிலும் இருந்த காலத்தில் படிகங்களிலே அளந்தார் என்பதை இங்கே நினைக்காமலிருக்க முடியவில்லை. அக்குணத்தையே மூளைப் படத்துக்குக் கருவியாக்கும் முறையை 1990களின் பிற்பகுதியில் மார்க் ஹாக்கேயும் சகாக்களும் உருவாக்கினார்கள்.

புள்ளி பெரிதாகத் தெரிகிறதே என்று நடுங்கவும் வேண்டியதில்லை. காந்தக் குலைவு சுற்றிலும் பரவுவதால், உண்மையான கசிவு படத்தில் தெரிவதைவிடச் சிறியதே. சுண்ணாம்புப் படிவும், குறுக்கே ஓடும் சிரையும்கூட அப்படியே தோன்றி ஏமாற்றும். கசிவின் புள்ளிகள் மூளையின் ஆழத்தில் இருந்தால் ரத்தக் கொதிப்பின் மேலும், மேற்புறத்து மடல்களில் மட்டும் இருந்தால், முதியோரின் நாளச் சுவர்களில் படியும் அமிலாய்டு என்னும் புரதத்தின் மேலும் சந்தேகம் செல்லும்.

இத்தகைய பிரமைகளுள் விபரீதமானது, புள்ளி தெரிந்த அன்றே ரத்தம் உறையாதிருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்பது. முன்பே நாள அடைப்பினால் பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ கண்ட 20,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களைப் பல நாடுகளிலிருந்து தொகுத்து 2019-இல் வெளியான ஆய்வில், புள்ளிகள் பெருகப் பெருக ரத்தக்கசிவு அபாயம் உயர்ந்தது மெய்யே; எனினும், புள்ளிகள் பல உடையோரிடத்தும் மறுபடி அடைப்பு வரும் அபாயமே அதனினும் மிகுந்திருந்தது. ஆகவே அறிக்கையைக் கையில் வாங்கியவர், புள்ளிகள் எத்தனை, எங்கே என்று டாக்டரிடமே கேட்டு, மாத்திரையைப் பற்றிய முடிவையும் அவரிடமே விட்டு, டாரா திங்கி மாத்திரையை மட்டும் ஒரு வேளையும் தவறாமல் விழுங்கி வரலாம்.