அவருக்கு நல்லாகட்டும், அப்புறம் என்னைப் பார்க்கலாம்

"புருஷன் படுத்துக் கிடக்கிறப்போ இவளுக்கு என்ன தன் உடம்பைப் பார்க்கிற அவசரம்?" கோலாலம்பூர் சாலாக் செலாத்தானில் எந்த வீட்டில் கணவர் படுத்தாலும், பார்க்க வருகிறவர்களில் ஒருவராவது இப்படிக் கேட்டுவிட்டுப் போகிறார். ஒரு பெண் தன்னைக் கவனிக்கத் தொடங்கினால் குடும்பம் பிரிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இதன் வேர். இதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

புண்ணுக்கு மருந்து கட்டுவது என் தொழில். கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வரும் அம்மாக்களைப் பார்க்கிறேன். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, நேற்று ராத்திரி இனிப்பு நீர் அளவு என்ன, எந்த விரல் நிறம் மாறியிருக்கிறது, எல்லாம் மனப்பாடம். "உங்களுக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டால் தெரியாது. "அவருக்கு நல்லாகட்டும், அப்புறம் பார்க்கலாம்." அப்படிச் சொன்ன ஓர் அம்மாவின் செருப்பில் ஈரம் தெரிந்தது. கழற்றச் சொன்னேன். குதிகால் வெடிப்பு சீழ் பிடித்திருந்தது. அதன்மேல் மஞ்சள், அதற்கும் மேல் ஒரு பழைய பிளாஸ்டர். நரம்பு மரத்துப் போனதால் அவருக்கு வலியே இல்லை.

இது எங்கோ ஒருவருக்கு நடக்கிற கதை இல்லை. 2019-இல் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4. கணவருக்கு வந்த வீட்டில் மனைவியும் அதே சோற்றைத்தான் சாப்பிடுகிறார். அவர் மிச்சம் வைத்ததையும் சேர்த்துச் சாப்பிடுகிறார்.

தூக்கமில்லாமல், ஓய்வில்லாமல் ஒருவரைப் பார்த்துக்கொள்வது உடம்பை என்ன செய்யும்? 1995-இல் அமெரிக்காவின் ஓஹாயோவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரித்த 13 பெண்கள், அதே வயதில் அந்தப் பொறுப்பில்லாத 13 பெண்கள். எல்லோர் கையிலும் ஒரே அளவில் சின்னக் காயம் போட்டார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 39 நாளில் ஆறியது. பராமரித்தவர்களுக்கு ஏறக்குறைய 49 நாள். புண்ணோடு பழகுகிற எனக்கு அந்தப் பத்து நாளின் அருமை தெரியும். இனிப்பு நீர்க்காரரின் காலில், விரலைக் காப்பாற்றுவதற்கும் எடுப்பதற்கும் நடுவில் இருப்பது பல சமயம் அவ்வளவுதான்.

1999-இல் வந்த இன்னொரு ஆய்வு முதிய தம்பதிகளை நான்கு ஆண்டு தொடர்ந்தது. துணையைப் பார்த்துக்கொள்ளும் பாரத்தில் நசுங்கியவர்கள் இறக்கும் அபாயம் 63 விழுக்காடு கூடுதல். ஆனால் பார்த்துக்கொண்டும் நசுங்காமல் இருந்தவர்களிடம் அப்படிக் கூடியதாகத் தெரியவில்லை. நன்றாகக் கவனியுங்கள்: ஆளைச் சாய்ப்பது பாசமோ பணிவிடையோ இல்லை, மாற்று ஆள் இல்லாத பாரம். அப்படிப் பாரம் சுமக்கும் அம்மா விழுந்தால் வீட்டில் நோயாளி இரண்டு. விழாமல் தாக்குப் பிடித்தாலும் எரிச்சல் ஏறி, நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவரிடமே சிடுசிடுக்கிறார். குடும்பம் பிரிவது அங்கேதான் தொடங்குகிறது. அம்மா கிளினிக் போய் வந்த இரண்டு மணி நேரத்தில் இல்லை.

மகன்களே, உங்களைத்தான் கேட்கிறேன். கட்டுப் போட வரும் அப்பாவோடு ஏன் எப்போதும் அம்மாவோ அக்காவோ மட்டும் வருகிறார்கள்? காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டு வெளியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் உதவியாகிவிடாது. உள்ளே வாருங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, உப்புநீரால் புண்ணைத் துடைப்பது, கட்டை இறுக்காமல் சுற்றுவது, எல்லாம் சொல்லித் தருவோம். அப்பாவின் காலைத் தொடக் கூச்சப்படும் மகன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. தொட்டுப் பழகியவர்கள் அப்பாவோடு பேசவும் பழகிவிடுகிறார்கள்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. கணவர் குணமாக விரதம் இருந்தால் மாத்திரை தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் என்பது தவறு. இனிப்பு நீருக்குச் சில மாத்திரைகளோ ஊசியோ எடுத்துக்கொண்டு பட்டினி கிடந்தால் அளவு சட்டென்று இறங்கி மயக்கம் வரும். டாக்டரைக் கேட்டுவிட்டு விரதம் இருங்கள். கவுன்சலிங் பைத்தியத்துக்குத்தான் என்பதும் தவறு. 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி ஆலோசகர்கள் பதிவு பெற்றவர்களாக இருக்க வேண்டும், நீங்கள் சொல்வதை ரகசியமாகக் காக்க வேண்டும். சாக வேண்டும் போலிருக்கிறது என்று வாய் திறந்தால் போலீஸ் வரும் என்று இன்னும் பயப்படுகிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவை 2023-இல் நீக்கியாயிற்று. மனம் நொந்தவர்கள் பேசுவதைக் கேட்கும் பிஃபிரண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசியில் 24 மணி நேரமும் ஆள் இருக்கிறார்கள். பேசுங்கள்.

நாற்பது வயதாகி, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பம் என்றால், பெக்கா பி40 திட்டத்தில் ரத்தப் பரிசோதனை இலவசம். கணவன், மனைவி இருவருக்கும் உண்டு. அதற்குத் தகுதி இல்லாதவர்கள் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹத்தானுக்குப் போகலாம். அப்பாவின் அடுத்த கட்டுக்கு மகன் வரட்டும். அம்மா அன்று தன் பெயரில் நம்பர் எடுக்கட்டும். செருப்பைக் கழற்றி இரண்டு காலையும் காட்டட்டும்.