பொம்மைப் பெட்டிக்கு ஒரு எக்ஸெல் பைல்

எக்ஸெல் என்றால் கடைக் கணக்கிற்கும் சம்பளப் பட்டியலுக்கும்தான் என்று, புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் அதனைத் திறந்தே பார்ப்பதில்லை. பரணில் இருக்கும் கொலுப் பெட்டியை வைத்தே அதனைப் பழகலாம். உளுந்தூர்பேட்டையில் என் பெரியம்மா வீட்டுப் பொம்மைகளை இப்படித்தான் பதிந்து வருகிறேன். கொஞ்சம் அவசரமும் உண்டு. வீட்டை விற்கப் போகிறார்கள். பொம்மைகள் மூன்று மகள்களுக்கும் பிரியும். எந்தப் பாவாடை யாருடைய புடவையில் தைத்தது என்பது பெரியம்மா ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கு வயது 84.

முதலில் டாகுமெண்ட்ஸ் பிரிவில் கண்ட்ரோல் + ஷிப்ட் + என் அழுத்தி, 'பொம்மை' என ஒரு போல்டர் உருவாக்கவும். எக்ஸெல் பைல், படங்கள் எல்லாமே இதற்குள்தான் இருக்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். எக்ஸெல் பைலின் முதல் வரிசையில் எண், பொம்மை, உடை, குறி, காலம், 'எப்படித் தெரியும்', படம், குரல் எனத் தலைப்புகளை டைப் செய்திடவும். கண்ட்ரோல் + டி அழுத்தினால் இது டேபிளாக மாறும். விரும்பியபடி பிரித்துப் பார்க்கலாம்.

இந்த 'எப்படித் தெரியும்' என்ற கட்டம்தான் முக்கியம். அச்சிட்டதைப் படித்ததா, ஒருவர் சொன்னதா, நம் ஊகமா என்று அதில் எழுத வேண்டும். ஒரு பார்பி பொம்மையை எடுத்துக் கொள்வோம். பார்பி முதலில் நியூயார்க் பொம்மைக் கண்காட்சியில் 1959 மார்ச் 9 அன்று வெளிவந்தது. உயரம் பதினொன்றரை அங்குலம். பெரியம்மா வீட்டுப் பார்பியின் முதுகில் 1966 என்று இருக்கிறது. உடனே அறுபது வருடப் பழசு என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அது உடலின் வடிவமைப்பிற்கு உரிமை பதிந்த ஆண்டு. அதே குறியோடு 1990கள் வரை பொம்மைகள் வந்தன. தலைமுடியை விலக்கிப் பின்கழுத்தைப் பாருங்கள். அங்கே 1976 என்று இருந்தால், பொம்மை அதற்கு முந்தையது அல்ல. பெட்டியில் 'லியோ மேட்டல்' என்ற பெயர் இருந்தால் அது இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்.

உடையைத் தனியாகக் கணக்கிட வேண்டும். பிரஸ் பட்டன் வைத்த உடைகள் பழையவையாக இருக்கலாம். வெல்க்ரோ ஒட்டும் பட்டை பெருகியது 1970களின் பிற்பகுதியில் இருந்துதான். வீட்டில் தைத்ததற்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

மரப்பாச்சிக்கோ குறியும் இல்லை, லேபிளும் இல்லை. செம்மரத்தில் கடைந்த ராஜா, ராணி சோடி அது. மரம் பாட்டி காலத்தது, பட்டு போன நவராத்திரிக்குத் தைத்தது என்பது எல்லா வீட்டிலும் சகஜம். அதனால் பொம்மைக்கு ஓர் எண், உடைக்கு வேறு எண் கொடுங்கள். ராணியின் பாவாடை, பெரியம்மாவின் அம்மா கல்யாணப் புடவையின் முந்தானையாம். ஜரிகை பிரிந்த ஓர் இடத்தில் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறது. நல்ல ஜரிகைக்கு அது ஓர் அடையாளம். பார்ப்பதற்காக நீங்கள் நூலைப் பிரிக்க வேண்டாம்!

உடைகளை ஸ்கேனரில் வைத்து 300 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்திடவும். லேபிள் என்றால் 600. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் அளவும் பதிவாகும். பைலுக்கு 'உடை-07' என எண்ணிலேயே பெயர் கொடுங்கள். பெயரில் சாய்கோடு, கேள்விக்குறி போன்றவற்றை விண்டோஸ் ஏற்காது. பெரியம்மா பேசுவதை மொபைலில் பதிந்து 'குரல்-07' என அதே போல்டரில் வைத்திருக்கிறேன். எக்ஸெல் கட்டத்தில் கண்ட்ரோல் + கே அழுத்தி அந்த பைலைத் தேர்ந்தெடுத்தால் இணைப்பு கிடைக்கும். கிளிக் செய்தால் அவரே பேசுவார்.

பொம்மைகளை மீண்டும் வைக்கும்போது பிளாஸ்டிக் கவர் வேண்டாம். நம் ஊர் வெயிலில் பழைய பிளாஸ்டிக் பொம்மை பிசுபிசுக்கும். வெளுத்த பருத்தித் துணி போதும். துருப்பிடிக்கும் குண்டூசிகளை எடுத்துவிடுங்கள். நாப்தலின் உருண்டை பிளாஸ்டிக்கைப் பாழாக்கும்.

மூன்று மகள்களுக்கும் மூன்று பென் டிரைவ் வாங்கியாயிற்று. எக்ஸெல் பைலை மட்டும் காப்பி செய்தால் படமும் குரலும் திறக்காது. 'பொம்மை' போல்டரை அப்படியே முழுதாகக் காப்பி செய்திடவும்.