ஓய்வுக் காசை ஒழுங்காக எடுப்பது எப்படி?

தலவாக்கலைத் தோட்டங்களில் வேலை முடித்து நிற்பவருக்கு மூன்று இடங்களிலிருந்து காசு வரவேண்டும். அலைச்சல் குறைய வேண்டுமென்றால், ஓய்வுக்கு ஒரு வருடம் முன்பே ஆயத்தத்தைத் தொடங்குங்கள்.

1. எந்தக் காசு எங்கே?
ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி): உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் தோட்டம் போடும் 12 சதவீதமும். ஆண்களுக்கு 55, பெண்களுக்கு 50 வயது நிறைந்து வேலையை விட்டதும் எடுக்கலாம். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி): தோட்டம் மட்டும் போடும் 3 சதவீதம். சேவைக்காலப் பணம்: தோட்டமே நேரடியாகத் தருவது. சில தோட்டங்களில் சேமலாபக் காசு ஈ.எஸ்.பி.எஸ். என்ற தோட்டச் சேவையாளர் சேமலாபச் சங்கத்தில் இருக்கும், சம்பளத் துண்டைப் பாருங்கள்.

2. பெயரைச் சரிபாருங்கள்
விண்ணப்பங்கள் சிக்குவது பெரும்பாலும் இங்கேதான். செக்ரோலில் 'ராமாயி', அடையாள அட்டையில் 'ராமாயம்மா' என்றிருந்தால், பிறப்புச் சான்றிதழோடு போய் சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி எடுங்கள். தோட்டத்திலும் ஒரு கடிதம் வாங்குங்கள்.

3. பழைய இலக்கங்களைத் தேடுங்கள்
1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. அதற்கு முன்பே பெயர் பதிந்தவர்களும் தோட்டம் மாறியவர்களும் தங்கள் எல்லா ஈ.பி.எஃப். அங்கத்துவ இலக்கங்களையும் எழுதி வையுங்கள்.

4. விண்ணப்பியுங்கள்
உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். ஈ.பி.எஃப். காசுக்கு கே படிவத்தை நிரப்பி, தோட்டத்தின் உறுதிப்படுத்தலோடு தொழில் அலுவலகத்தில் கொடுங்கள். ஈ.டி.எஃப். விண்ணப்பம் அதன் சபைக்குத் தனியாகப் போக வேண்டும். எதைக் கொடுத்தாலும் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வெற்றுப் படிவத்தில் கைநாட்டு வைக்காதீர்கள்.

5. சேவைக்காலப் பணத்தைக் கணக்கிடுங்கள்
ஐந்து வருடம் முடித்த நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாட்சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய வீதத்தில். உதாரணமாக, நாளுக்கு 1,350 ரூபாய், 20 வருடம் என்றால் 3,78,000 ரூபாய். வேலையை விட்டு 30 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடுங்கள். தாமதத்துக்குத் தோட்டம் மேலதிகக் கட்டணமும் கட்ட வேண்டும்.

6. எப்போது எடுப்பது?
வயது வந்த அன்றே ஈ.பி.எஃப். எடுக்கக் கட்டாயமில்லை, கிடக்கும்வரை வட்டி சேரும். ஆனால் ஓய்வில் மாதாமாதம் கொஞ்சமாக எடுக்க முடியாது, முழுத்தொகையும் ஒன்றாகவே வரும். ஆகவே கடன் அடைக்க எவ்வளவு, வீட்டுக்கு எவ்வளவு, மாத வட்டிக்கு நிலையான வைப்பில் எவ்வளவு என்று வீட்டாரோடு பேசி முடித்த பிறகே படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள்.